பனிக் கணக்கு யாருக்குச் சொந்தம்?

மில்லில் தறி ஓட்டுகிறவனுக்கும், வயலில் நாற்று நடுகிறவளுக்கும் பனியின் ஆழத்தைப் பற்றி என்ன கவலை என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம்மூரில் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் புல் நுனியில் நிற்கிற பனி. வெயில் ஏறினால் காணாமல் போய்விடும். நாம் இங்கே பேசப் போவது அதைப் பற்றியல்ல. வட தேசங்களிலும் இமயமலையிலும் மாதக் கணக்கில் தரையை மூடி, ஆளை விழுங்கும் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிற உறைபனியைப் பற்றி. அதன் ஆழத்தை அளந்து எழுதி வைக்கிற கணக்கைப் பற்றி. அந்தக் கணக்கை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று நடக்கிற தகராறைப் பற்றிப் பேசப் போகிறோம்.

அளவு என்பது எப்போதும் வெறும் அளவாக இருந்ததில்லை. இதைத் தஞ்சாவூர்ப் பண்ணையாட்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. குத்தகை நெல்லை வாங்க ஒரு மரக்கால், கூலி நெல்லைக் கொடுக்க இன்னொரு மரக்கால் என்று இருந்த காலத்தை அவர்கள் அறிவார்கள். மரக்கால் யார் கையில் இருக்கிறதோ அவன் பக்கம்தான் நெல் சாயும். பனி அளக்கிற கோலுக்கும் இந்தக் கதை உண்டு.

முதலில், இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இது ஒன்றும் மாயமந்திரமல்ல. வானிலை நிலையத்தின் பக்கத்தில் சென்டிமீட்டர் கோடு போட்ட கம்பத்தை நட்டு வைப்பார்கள். ஒரு ஆள் தினமும் காலையில் போய், பனி எந்தக் கோடு வரை நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவான். அவ்வளவுதான். ஆனால் அந்த ‘காலை’ என்பது பூஜ்யத்துக்கு முப்பது, நாற்பது டிகிரி கீழே இருக்கிற காலையாகவும் இருக்கும். ஒரு இடத்துக் கம்பம் மட்டும் போதாது; காற்று பனியை ஒரு பக்கம் வாரிக் கொண்டு போய்க் குவித்துவிடும். அதற்காகச் சோவியத் நாட்டில் இன்னொரு முறையும் வைத்திருந்தார்கள். பத்து நாளைக்கு ஒரு முறை, பனி உருகும் பருவத்தில் ஐந்து நாளைக்கு ஒரு முறை, வயல் வழியாகவும் காட்டு வழியாகவும் ஒன்று, இரண்டு கிலோ மீட்டர் நடக்க வேண்டும். நூறு, இருநூறு இடங்களில் கோலை ஊன்றி ஆழம் பார்க்க வேண்டும். நடுநடுவே குழாயால் பனியைத் தோண்டியெடுத்து நிறுத்தும் பார்க்க வேண்டும்.

நிறுப்பது எதற்கு? புதிதாக விழுந்த பனி பஞ்சு மாதிரி. பத்து அங்குலம் உருகினால் சுமார் ஓர் அங்குலத் தண்ணீர்தான் கிடைக்கும். குளிர்காலம் முழுக்கக் கிடந்து இறுகிய பனியோ அதே பத்து அங்குலத்தில் மூன்று, நான்கு அங்குலத் தண்ணீரை வைத்திருக்கும். பஞ்சுப் பொதியின் உயரத்தைப் பார்த்து எடை சொல்ல முடியுமா? மில் தோழர்களுக்கு இது உடனே விளங்கும்.

சரி, அந்தப் பனிக்கும் நம் மழைக்கும் என்ன உறவு? இங்கேதான் விஷயம் நம் வயலுக்குள் வருகிறது.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய பஞ்சத்தை நம் பாட்டன்மார் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்பது மதிப்பீடு. அப்போதும் தானியம் கப்பலேறிக் கொண்டுதான் இருந்தது. பஞ்ச நிவாரண வேலையில் கல் உடைத்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற வெள்ளைக்கார அதிகாரி கூலி நிர்ணயித்தார். அந்தக் காலத்தில்தான், 1875ல், இந்திய வானிலை இலாகா ஆரம்பிக்கப்பட்டது. அதன் தலைவர் ஹென்றி பிளான்போர்டு. மழை பொய்க்கப் போவதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று சர்க்கார் அவரைக் கேட்டது. பஞ்சம் வந்தால் வரி வசூல் படுத்துவிடும் என்ற கவலை சர்க்காருக்கு.

பிளான்போர்டு இமயத்துப் பனியைப் பார்த்தார். வசந்த காலத்தில் அங்கே அதிகப் பனி கிடந்த வருஷங்களில் பின்னால் வருகிற பருவ மழை குறைகிறது என்று கண்டார். 1882 முதல் 1885 வரை இதை வைத்துச் சோதனையாக முன்னறிவிப்புகள் கொடுத்தார். 1884ல் கட்டுரையாகவும் வெளியிட்டார். 1886 ஜூன் 4ந் தேதி முதல் ஒழுங்கான முன்னறிவிப்பு வந்தது.

இதன் காரணம் விளங்காத சூத்திரமல்ல. தென்மேற்குப் பருவக் காற்றைக் கடலிலிருந்து இழுப்பது தரையின் சூடு. கோடையில் கடலைவிடத் தரை சீக்கிரம் சூடேறும். மேலே போகிற காற்றின் இடத்தை நிரப்ப ஈரக் காற்று ஓடி வரும். வெள்ளைப் பனி மூடிய தரையோ விழுகிற வெயிலில் பெரும் பகுதியை வானத்துக்கே திருப்பியடித்துவிடும். மிச்ச வெயிலும் பனியை உருக்குவதிலும் ஈரத்தைக் காய வைப்பதிலும் செலவாகும். தரை சூடேறத் தாமதம், இழுப்பு குறைவு. குடகு மலையில் அந்தக் காற்று மழையாகக் கொட்டினால்தான் காவிரியில் தண்ணீர். வழக்கமாக ஜூன் 12ல் திறக்க வேண்டிய மேட்டூர் திறக்குமா, குறுவை உண்டா, நடவு வேலை எத்தனை நாள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற கேள்விகள்.

பனி ஒன்றுதான் மழையைத் தீர்மானிக்கிறது என்று யாரும் எடுத்துக் கொள்ள வேண்டாம். பசிபிக் சமுத்திரம் சூடேறுவது போன்ற வேறு பல காரணங்களும் உண்டு. பனிக்கும் மழைக்கும் உள்ள உறவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருக்கவில்லை என்றும் பின்னால் வந்த ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால் இந்த உறவு உண்டா இல்லையா, எவ்வளவு உண்டு என்று சோதித்துப் பார்க்கவாவது நீண்ட காலக் கணக்கு வேண்டுமல்லவா? பிளான்போர்டு கையில் சில வருஷக் கணக்குதான் இருந்தது. நூறு வருஷக் கணக்கு வேறு ஒரு நாட்டில் இருந்தது.

அந்த நாடு ருஷ்யா. 1881ல், ஜார் ஆட்சிக் காலத்திலேயே, சில நிலையங்களில் பனி அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். புரட்சிக்குப் பிறகு சோவியத் சர்க்கார் நிலையங்களைப் பெருக்கியது. 284 நிலையங்களின் தினசரிக் கணக்கு 1995 வரை ஒரே தொகுப்பாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தத் தொகுப்பு எங்கே வைத்து விநியோகிக்கப்படுகிறது தெரியுமா? அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில், பௌல்டர் நகரத்தில் உள்ள தேசியப் பனித் தகவல் மையத்தில்!

இது எப்படி நடந்தது? 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் முடிய சர்வதேச பூகோள பௌதிக ஆண்டு என்று அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்து பூமியை ஆராய்ந்தன. அணுகுண்டைக் காட்டி ஒருவரையொருவர் மிரட்டிக் கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்திலேயே, அளந்த கணக்கையெல்லாம் வைப்பதற்கு அமெரிக்காவில் ஒரு உலக மையம், சோவியத் யூனியனில் ஒரு உலக மையம், மற்ற நாடுகளில் இன்னும் சில என்று ஏற்பாடு செய்தார்கள். ஒரு இடத்தில் தீப்பிடித்தாலும், ஒரு சர்க்கார் முறைத்துக் கொண்டாலும் இன்னொரு இடத்தில் கணக்கு இருக்கும். சோவியத் சர்க்காரும் எத்தனையோ விஷயங்களைப் பூட்டி வைத்த சர்க்கார்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பனி நோட்டு எல்லை தாண்டிப் போயிற்று.

பலன் என்ன? 1999ல் புனாவில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த கிருபளானி, குல்கர்ணி என்ற இருவர் இந்தச் சோவியத் கணக்கை இந்திய மழைக் கணக்கோடு ஒப்பிட்டு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். மாஸ்கோவைச் சுற்றிய மேற்குப் பகுதியில் குளிர்காலப் பனி ஆழமாக இருந்தால் அடுத்து வரும் இந்தியப் பருவ மழை குறையும் போக்கு தெரிகிறது. நடு சைபீரியாவில் ஆழமாக இருந்தால் மழை கூடும் போக்கு தெரிகிறது என்பது அவர்கள் கண்டது. இமயத்தை மட்டும் பார்த்துக் கொண்டிருந்தால் இது தெரிந்திருக்காது. ருஷ்யக் கிராமத்தில் விடியற்காலையில் கம்பத்தைப் பார்த்து எண் எழுதிய ஆளுக்குத் தான் இந்திய மழையை ஆராய உதவுகிறோம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. கணக்கைப் பகிர்ந்து கொள்வது என்றால் இதுதான்.

இப்போது இன்னொரு விஷயத்துக்கு வருவோம். பகிர்ந்து கொண்டதால் விளைந்த நன்மையை எப்படி அளப்பது? விஞ்ஞானிகள் மத்தியில் இது பெரிய வாதமாக இருக்கிறது. பனியில் நின்று அளந்தவனுக்குப் பெயர் வருவதில்லை. அந்தக் கணக்கை வைத்துக் கட்டுரை எழுதுகிறவனுக்குப் பெயரும் பதவியும் வருகிறது. ஆலையிலிருந்து வெளியே போகிற துணியில் ஆலை முத்திரை இருக்கும்; தறி ஓட்டியவன் பெயர் இருக்காது. அதே கதைதான். இதனால் சில ஆராய்ச்சியாளர்கள் ‘நானே கட்டுரை எழுதி முடிக்கும் வரை கணக்கைத் தரமாட்டேன்’ என்று பெட்டிக்குள் வைத்துக் கொள்கிறார்கள். இதில் சுயநலம் இருக்கிறது. முழுக்கச் சுயநலம் என்றும் நாம் சொல்லமாட்டோம். உழைப்புக்கு அங்கீகாரம் கேட்பது குற்றமல்ல.

இதற்குப் பரிகாரமாக 2009ல் டேட்டாசைட் என்ற சர்வதேச அமைப்பு ஏற்பட்டது. புத்தகத்துக்கு எண் போடுவது மாதிரி, கணக்குத் தொகுப்புக்கும் நிரந்தர எண் கொடுப்பது. உபயோகிக்கிறவன் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். எத்தனை கட்டுரைகளில் குறிப்பிடப்பட்டது என்று எண்ணலாம் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கட்டுரைகளை எண்ணிவிட்டால் பலனை அளந்ததாகிவிடுமா? டாக்டர் எழுதிய சீட்டுகளை எண்ணி நோய் குணமாயிற்று என்று சொல்கிற கணக்குதான் அது.

இதைவிடச் சரியான அளவு ஒன்றைச் சொல்கிறோம். ஆகாயத்தில் சுற்றுகிற செயற்கைக் கோள்களுக்குப் பனி மூடிய பரப்பு நன்றாகத் தெரியும். ஆழம் சரியாகத் தெரியாது. பனி ரொம்ப ஆழமானால், காடு இருந்தால், மலை இருந்தால் கண் மங்கிவிடும். 2020ல் பின்லாந்து வானிலைக் கழகத்தைச் சேர்ந்த புல்லியைனனும் அவருடைய கூட்டாளிகளும், தரையில் நடந்து அளந்த பனிக் கணக்குகளைக் கொண்டு செயற்கைக் கோள் கணக்கைத் திருத்தினார்கள். வட பாதி உலகத்தின் பனி மொத்தம் எத்தனை என்பதில் அதுவரை 33 சதவீதமாக இருந்த சந்தேகம் 7.4 சதவீதமாகக் குறைந்தது. மூன்றில் ஒரு பங்கு பிசகக் கூடிய தராசு பதினான்கில் ஒரு பங்கு பிசகுகிற தராசாக மாறிற்று. அந்தத் திருத்திய கணக்கில்தான் வட அமெரிக்காவில் 1980க்குப் பிறகு பத்து வருஷத்துக்கு 4,600 கோடி டன் வீதம் பனி குறைந்து வருவதும் தெளிவாயிற்று. கோலை ஊன்றியவனுடைய வேலையின் பலன் இந்த எண்ணில் தெரிகிறது.

ஆனால் விஞ்ஞானத்தில் சந்தேகம் குறைவது ஒன்று. உழைப்பாளி வாழ்க்கையில் பலன் விளைவது வேறு. கலிபோர்னியாவைப் பாருங்கள். அந்தப் பக்கத்து மலைகளில் பனி அளக்கும் முறையை வளர்த்தவர் ஜேம்ஸ் சர்ச். நெவாடா பல்கலைக் கழகத்தில் லத்தீன் சொல்லிக் கொடுத்த வாத்தியார்! டாஹோ ஏரியின் நீர்மட்டத்துக்காக மின்சாரக் கம்பெனியும், விவசாயிகளும், ஏரிக்கரைச் சொத்துக்காரர்களும் சண்டையிட்டபோது, மலையில் எவ்வளவு பனி கிடக்கிறது, ஏரி எவ்வளவு ஏறும் என்று அவர் சொன்ன கணக்கு தகராறைத் தணிக்க உதவிற்று. எல்லோர் கையிலும் ஒரே கணக்கு இருந்ததால் வந்த நன்மை. இன்றும் அங்கே பனிக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது.

2015 ஏப்ரல் 1ந் தேதி அந்த மாநில கவர்னர், வழக்கமாக ஆளுயரத்துக்குப் பனி கிடக்க வேண்டிய இடத்தில் காய்ந்த புல்லின் மேல் நின்று கொண்டு தண்ணீர்க் கட்டுப்பாட்டை அறிவித்தார். மாநிலம் முழுதும் பனி வழக்கத்தில் 5 சதவீதம்தான் இருந்தது. கணக்கு பகிரங்கம். அதைப் பார்த்துப் பெரிய பண்ணை முதலாளிகள் என்ன செய்தார்கள்? ஆழ்கிணறு தோண்டினார்கள், தண்ணீர் விலைக்கு வாங்கினார்கள், சில நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள். தரிசாகப் போட்ட நிலத்தில் வேலை செய்ய வேண்டியவன் என்ன செய்தான்? அந்த வருஷம் பருவகால விவசாய வேலைகளில் சுமார் 10,100 போயிற்று என்று அதே மாநிலத்துப் பல்கலைக் கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். கணக்கு எல்லோருக்கும் திறந்திருந்தது. அதைக் கொண்டு தப்பித்துக் கொள்ளும் வசதி நிலமும் பணமும் உள்ளவனுக்குத்தான் இருந்தது. பஞ்சத்தை முன்கூட்டி அறிந்த வெள்ளைக்காரன் தானியக் கப்பலை நிறுத்தினானா என்று கேட்டுப் பார்த்தால் இதே பதில்தான் வரும்.

அதனால் பகிர்ந்து என்ன பயன் என்று கையை விரித்துவிடலாமா? கூடாது. கணக்கு பூட்டிக் கிடந்தால் கேள்வி கேட்கவே வழியில்லை. நம் நாட்டையே எடுத்துக் கொள்வோம். சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா நதிகளின் நீரோட்டக் கணக்கை அண்டை நாடுகளோடு சம்பந்தப்பட்டது என்ற சாக்கில் சர்க்கார் ரகசியப் பட்டியலில் வைத்திருக்கிறது. நம் நதியில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதை அந்தக் கரையில் ஏர் ஓட்டுகிறவன் கேட்டால் ரகசியம்! எல்லைக்கு அப்பால் இருப்பவனுக்கும் ஆற்றின் கீழ்ப்பாய்ச்சல் கண்ணால் தெரியாமலா இருக்கிறது? இமயத்தின் உச்சிகளில் அளக்கிற நிலையங்களே குறைவு. இருப்பதையும் பூட்டி வைத்தால் என்ன மிஞ்சும்?

பூட்டுவது இங்கே மட்டும் நடப்பதல்ல. சோவியத் யூனியன் சிதறியதும் பனி நடையளவுத் தொகுப்பில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1966 முதல் 1990 வரை 1,345 இடங்களின் கணக்கு அதில் இருக்கிறது. 1991 முதல் 1996 வரை வெறும் 91 இடங்கள். 2022 மார்ச்சில், உக்ரேன் யுத்தத்தை ஒட்டி, வடதுருவ நாடுகளின் ஆர்க்டிக் கவுன்சிலில் ருஷ்யா நீங்கலான ஏழு நாடுகளும் வேலையை நிறுத்தி வைத்தன. வடதுருவ நிலப்பரப்பில் மிகப் பெரிய பங்கு ருஷ்யாவில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வடதுருவப் பனியை எப்படி அளப்பது? யுத்தத்தை நடத்துகிறவர்கள் மீது கோபம் வேண்டியதுதான். கோபத்தைப் பனி அளக்கும் கோல் மீது காட்டி என்ன லாபம்? 2025 மேயில், பௌல்டர் மையத்தில் அமெரிக்க சர்க்காரின் வானிலை இலாகா தயவில் நடந்து வந்த பனிக்கட்டி, பனிப்பாறைத் தொகுப்புகள் சிலவற்றின் பராமரிப்பு குறைக்கப்படுகிறது என்று அறிவிப்பு வந்தது. பகைமை மிகுந்த அந்த நாட்களில் திறந்திருந்த கதவுகளை, பகைமை தீர்ந்தது என்று சொன்ன பிறகு சாத்துகிறார்கள்.

பகிர்வதிலும் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் விட மனமில்லை. பல நாடுகளில் பனி விழுந்த நாளில் மட்டும் ஆழத்தை அனுப்புவார்கள். பனி இல்லாத நாளில் ஒன்றும் அனுப்புவதில்லை. வாங்குகிறவனுக்கு, பனி இல்லையா அல்லது அளக்கவே இல்லையா என்று தெரியாது. ஆகையால் பனி இல்லாவிட்டால் ‘பூஜ்யம்’ என்று எழுதி அனுப்புங்கள் என்று உலக வானிலை ஸ்தாபனம் கேட்டிருக்கிறது. ஆஜர் புத்தகத்தில் காலியாக விட்ட கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று மேஸ்திரியோடு சண்டை போட்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கடைசியாக மானா. உத்தரகண்டில் சமோலி ஜில்லாவில், பத்ரிநாத்துக்கு அப்பால் திபெத் எல்லைப் பக்கம் உள்ள ஊர். 2025 பிப்ரவரி 28ந் தேதி காலை அங்கே எல்லைச் சாலை வேலைக்கு வந்து தகர அறைகளில் தங்கியிருந்த 54 தொழிலாளிகள் மீது பனிச்சரிவு விழுந்தது. 46 பேர் காப்பாற்றப்பட்டார்கள். 8 பேர் செத்தார்கள். பல மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த கூலிக்காரர்கள். முந்திய நாள் மாலையே சண்டிகாரில் உள்ள ராணுவ ஆராய்ச்சி நிலையம், சமோலி உள்ளிட்ட ஜில்லாக்களின் உயரமான இடங்களுக்கு 24 மணி நேரப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. எச்சரிக்கை வெளியாயிற்று, முகாம் காலியாகவில்லை. இரண்டும் உண்மை.

பனிக் கணக்கின் பலனை அளக்க வேண்டுமென்றால் இந்த இடத்தில் அளக்க வேண்டும் என்று நாம் சொல்கிறோம். அளந்தார்கள், கணித்தார்கள், அறிவித்தார்கள். அறிவிப்புக்கும் தகர அறைக்கும் நடுவில் இருந்த தூரத்தைக் கடப்பது யார் பொறுப்பு? விஞ்ஞானியின் பொறுப்பல்ல. வேலை வாங்குகிற சர்க்கார் இலாகாவும் கான்ட்ராக்டரும் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு. செத்தவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்ததோடு இது தீர்ந்துவிடாது. அடுத்த குளிர்காலத்திலும் ரோடு போட ஆள் போகத்தான் போகிறான்.

மலைச் சாலை வேலைகளில் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டியது அதிகமில்லை. முகாமுக்கு மேலே உள்ள சரிவில் இன்று எத்தனை அடி பனி கிடக்கிறது, நேற்று எத்தனை அடி கிடந்தது என்பதைக் கூலி விகிதம் எழுதிய பலகைக்குப் பக்கத்திலேயே, தொழிலாளி படிக்கிற மொழியில், தினமும் எழுதிப் போட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆஜர் எடுக்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எத்தனை அடி ஏறினால் முகாமைக் கீழே இறக்குவது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இறங்கி உட்கார்ந்த நாட்களுக்கும் முழுக் கூலி கொடுக்க வேண்டும்.